போர்டிலேயே இருக்கும் போர்ட்டா, செருகும் கார்டா? – எடிட்டிங் கணினி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நிகழ்ச்சிகளைப் படம்பிடித்து எடிட் செய்து கொடுப்பது என் தொழில். இரண்டு கேமரா, இரண்டிலும் 4கே, புரோரெஸ் 422 எச்க்யூ என்ற வீடியோ வடிவம். பழைய கணினி திணறுவதால் புதிதாக ஒன்று அசெம்பிள் செய்யப்போகிறேன். தேடித் தேடி இரண்டு மதர்போர்டில் வந்து நிற்கிறேன். முதலாவதில் பத்து யுஎஸ்பி, இரண்டு தண்டர்போல்ட் 4 (அதிவேக இணைப்பு), 10 ஜிகாபிட் நெட்வொர்க் என எல்லாமே போர்டோடு வருகின்றன. ஆனால் கிராபிக்ஸ் கார்டு போக மிஞ்சுவது கார்டு செருக ஒரே ஒரு சின்ன ஸ்லாட். இரண்டாவதில் ஆறு யுஎஸ்பி, ஒரு டைப்-சி, 2.5 ஜிகாபிட் நெட்வொர்க். கிராபிக்ஸ் கார்டு போக இரண்டு நீள ஸ்லாட் இருக்கின்றன. "எல்லாம் இருக்கிற போர்டையே வாங்கு, கார்டு செருகினால் தொல்லை" என்கிறார் ஒரு நண்பர். "கார்டுதான் உசத்தி, போர்டில் வருவதை நம்பாதே" என்கிறார் இன்னொருவர். ஃபூட்டேஜ் இறக்க இரண்டு கார்டு ரீடர், பேக்கப்புக்கு இரண்டு வெளி டிஸ்க். இப்போது என்னிடம் இருப்பவை இவ்வளவுதான். எதை வாங்கட்டும்?

பதில்: இரண்டாவதை வாங்குங்கள். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன். எடிட்டிங் அறைகளுக்குக் கணினி அமைத்துக் கொடுப்பதுதான் என் வேலை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் இடத்தில்தான் நிற்கிறார்கள்.

முதலில் உங்கள் ஃபூட்டேஜின் கணக்கைப் பார்ப்போம். விநாடிக்கு 29.97 ஃபிரேம் ஓடும் 4கே யுஎச்டி படத்துக்குப் புரோரெஸ் 422 எச்க்யூ எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 707 மெகாபிட். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 88 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 318 ஜிபி. மல்டிகேம் டைம்லைனில் இரண்டு கேமராவையும் ஒன்றாக ஓட்டினால் 177 எம்பி. யுஎஸ்பி 3-இன் 5 ஜிகாபிட் போர்ட்டில் நடைமுறையில் விநாடிக்கு 400 எம்பிக்கு மேல் கிடைக்கிறது. 10 ஜிகாபிட் போர்ட்டில் ஏறத்தாழ 1,000 எம்பி. ஆக, எடிட் செய்யும் நேரத்தில் எந்த போர்டின் போர்ட்டும் உங்களைத் தடுக்கப்போவதில்லை. தடுப்பது டிஸ்க்தான். சுழலும் ஹார்டு டிஸ்க் தொடர்ச்சியாகப் படிக்கும்போது 200 எம்பி வரை தரும். இரண்டு கோப்புகளை மாறி மாறிப் படிக்கச் சொன்னால் அதன் ஹெட் அங்குமிங்கும் ஓட வேண்டியிருக்கும், வேகம் சரிந்துவிடும். ஆகவே வேலை நடக்கும் ஃபூட்டேஜ் எஸ்எஸ்டியில் இருக்கட்டும், ஹார்டு டிஸ்க் பேக்கப்புக்கு இருக்கட்டும். தண்டர்போல்ட்டுக்கு ஒதுக்க நினைத்த பணத்தை இங்கே போட்டால் அன்றே பலன் தெரியும்.

இனி இறக்கும் வேலை. போர்ட்டின் தரம் தெரிவது இங்கேதான். யுஎச்எஸ்-2 வகை எஸ்டி கார்டின் உச்ச வரம்பு விநாடிக்கு 312 எம்பி. நல்ல ரீடரில் 250 கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேர ஃபூட்டேஜ் 21 நிமிடத்தில் இறங்கிவிடும். அதே ரீடரைத் தெரியாமல் ஒரு யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தெரியாமல் செருகுவது எளிது. பத்து போர்ட் என்று பெட்டியில் போட்டிருக்கும் போர்டுகளில் இரண்டோ நான்கோ யுஎஸ்பி 2-ஆக இருப்பது வழக்கம். மீதியிலும் சில 5 ஜிகாபிட், சில 10. அதனால் போர்ட்டின் எண்ணிக்கையைப் பார்த்து போர்டு வாங்காதீர்கள். எந்த வேகத்தில் எத்தனை என்று பிரித்துப் பாருங்கள்.

அதோடு நிற்கவும் கூடாது. பின்பக்கத்தில் வரிசையாகத் தெரியும் போர்ட்டுகள் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பாதை இருப்பதில்லை. நான்கு குழாய் வைத்த வீட்டிலும் தொட்டியிலிருந்து இறங்கும் பைப் ஒன்றுதானே. போர்டுக்குள் ஒரு ஹப் சிப் இருந்து, ஒரே இணைப்பை நான்கு போர்ட்டுக்குப் பிரித்துத் தருவதுண்டு. பெரும்பாலான போர்ட்டுகள் சிப்செட் என்ற இணைப்புச் சிப்புக்குப் போகின்றன. சிப்செட்டிலிருந்து பிராசஸருக்குப் போகும் இணைப்பின் அகலம் போர்டுக்கு போர்டு மாறும். ஏஎம்டியின் பி550 சிப்செட்டில் அது மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் (தரவு ஓடும் பாதை) நான்கு, அதாவது விநாடிக்கு 4 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. 2021-இல் வந்த இன்டெல் இசட்690-இல் நான்காம் தலைமுறை லேன் எட்டு, ஏறத்தாழ 16 ஜிபி. இரண்டு ரீடர், இரண்டு பேக்கப் டிஸ்க் என்ற உங்கள் அளவுக்கு 4 ஜிபியே தாராளம். ஆனால் சிப்செட் வழியாகவே இரண்டு எம்.2 எஸ்எஸ்டியும் (போர்டிலேயே செருகும் வகை) 10 ஜிகாபிட் நெட்வொர்க்கும் ஓடும் அறைகளில் இந்த எண்ணைப் பார்க்காமல் நான் போர்டு தேர்ந்தெடுப்பதில்லை.

இந்த இடத்தில் உங்கள் இரண்டாவது நண்பருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கார்டு என்பதற்காக மட்டும் அது உசத்தி ஆகிவிடாது. கார்டும் ஏதோ ஒரு ஸ்லாட்டில்தான் உட்காருகிறது. அந்த ஸ்லாட்டும் பல சமயம் அதே சிப்செட்டுக்குத்தான் போகிறது. ஒரு கார்டின் தகுதி அதில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்பதில் இல்லை. எந்தத் தலைமுறை லேன், எத்தனை லேன் என்பதில் இருக்கிறது. இரண்டாம் தலைமுறை லேன் ஒன்று விநாடிக்கு 500 எம்பி. மூன்றாம் தலைமுறை 985. நான்காம் தலைமுறை அதன் இரு மடங்கு. 10 ஜிகாபிட் யுஎஸ்பி போர்ட் ஒன்றுக்கே மூன்றாம் தலைமுறை லேன் ஒன்று போதாது. ஒற்றை லேன் கார்டில் 10 ஜிகாபிட் போர்ட் இரண்டு வைத்து விற்றால், அந்த எண்ணை நம்பி வாங்காதீர்கள்.

தண்டர்போல்ட்டின் கதை வேறு. இதில் மட்டும் உங்கள் முதல் நண்பர் சொல்வது முழுக்கச் சரி. யுஎஸ்பி கார்டை எந்த போர்டிலும் செருகலாம். தண்டர்போல்ட் கார்டு அப்படி இல்லை. போர்டில் அதற்கென்று ஒரு பின் தொகுதி இருக்க வேண்டும், அதிலிருந்து கார்டுக்கு ஒரு சிறு வயர் போக வேண்டும், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸ் அதைத் தெரிந்திருக்க வேண்டும், குறிப்பிட்ட ஸ்லாட்டில்தான் போட வேண்டும். போர்டு தயாரித்த நிறுவனமே விற்கும் கார்டுதான் பெரும்பாலும் ஒத்துவரும். தண்டர்போல்ட் மானிட்டரில் படம் வர வேண்டுமென்றால், கிராபிக்ஸ் கார்டின் டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து கணினிக்குப் பின்னாலேயே ஒரு கேபிளைச் சுற்றிக்கொண்டுவந்து இந்தக் கார்டில் செருக வேண்டும். இவ்வளவையும் கடந்து வேலை செய்யும், செய்யாமல் இல்லை. ஆனால் தண்டர்போல்ட் தேவை என்று இன்றே தெரிந்தால், அது போர்டிலேயே இருப்பதை வாங்குங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் தண்டர்போல்ட் ரெய்டு பெட்டி உங்களிடம் இருந்திருந்தால் முதல் போர்டைத்தான் சொல்லியிருப்பேன். உங்கள் பட்டியலில் அப்படி ஒன்றும் இல்லை. இல்லாத சாதனத்துக்காக ஸ்லாட்டுகளை இழக்க வேண்டாம்.

ஸ்லாட்டுக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுப்பது ஏன் என்று கேட்பீர்கள். எடிட்டிங் தொழில் வளரும்போது தேவைப்படும் சில சாதனங்கள் எந்த மதர்போர்டிலும் வருவதில்லை. கலர் கிரேடிங்கில் இறங்கினால் டெக்லிங்க் போன்ற ஓர் அவுட்புட் கார்டு வேண்டும். கிராபிக்ஸ் கார்டின் எச்டிஎம்ஐ வழியே வரும் படத்தில் இயங்குதளத்தின் நிற மேலாண்மையும் திரையின் ரிஃப்ரெஷ் வேகமும் கலந்துவிடுகின்றன. எடிட்டிங் மென்பொருளிலிருந்து சிக்னலை நேராக, சரியான ஃபிரேம் வேகத்தில், எஸ்டிஐ (தொழில்முறை வீடியோ இணைப்பு) அல்லது எச்டிஎம்ஐ வழியே மானிட்டருக்குக் கொண்டுபோக அந்தக் கார்டுதான் வழி. அதன் 4கே வகைகள் பலவற்றுக்கு நான்கு லேன் ஸ்லாட் வேண்டும். அடுத்தது நெட்வொர்க். இன்று தனியாக எடிட் செய்கிறீர்கள். நாளை உதவிக்கு ஒருவர் வந்து, இருவரும் ஒரே பொதுச் சேமிப்பிலிருந்து வேலை செய்ய நேர்ந்தால், 2.5 ஜிகாபிட்டின் விநாடிக்கு 300 எம்பிக்குக் குறைவான வேகம் இறுக்கமாகிவிடும். அன்றைக்கு 10 ஜிகாபிட் கார்டு ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தால் இரண்டு ஸ்லாட். உங்கள் இரண்டாவது போர்டில் இருப்பதும் அதுவே.

ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் அந்த போர்டின் கையேட்டைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிப் பாருங்கள். மிக முக்கியமான வேலை இது. வாங்கிய பிறகு படித்துப் பயனில்லை. நீள ஸ்லாட் என்பதால் 16 லேனும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். உடல் நீளம் பதினாறுக்கு இருக்கும், உள்ளே வயர் நான்குக்குத்தான் ஓடியிருக்கும், சிலவற்றில் ஒன்றுக்கு மட்டும். கையேட்டில் 'எக்ஸ்16 ஸ்லாட், எக்ஸ்4 முறை' என்று எழுதியிருந்தால் அது நான்கு லேன் ஸ்லாட். சில போர்டுகளில் இரண்டாவது நீள ஸ்லாட்டில் ஏதாவது செருகியதும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் 16 லேன் எட்டாகக் குறையும். அதற்காகப் பதற வேண்டாம்: நான்காம் தலைமுறை எட்டு லேன் என்பது மூன்றாம் தலைமுறை பதினாறுக்குச் சமம், எடிட்டிங்கில் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. எம்.2 குறிப்புகளையும் விடாமல் படியுங்கள். இரண்டாவது எம்.2-இல் எஸ்எஸ்டி போட்டால் ஹார்டு டிஸ்க் செருகும் சாட்டா போர்ட் 5, 6 செயலிழக்கும் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். புது எஸ்எஸ்டி போட்ட அன்று பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போய்விட்டது, டிஸ்க் செத்துவிட்டது என்று கலங்கிப்போய் என்னை அழைப்பவர்கள் உண்டு. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கேபிளை வேறு சாட்டா போர்ட்டுக்கு மாற்றினால் வந்துவிடும்.

கிராபிக்ஸ் கார்டின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். இப்போது வரும் பெரிய கார்டுகள் மூன்று ஸ்லாட்டின் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. போர்டில் கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கு நேர் கீழே இருக்கும் ஸ்லாட் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். தப்பித்தவறி அங்கே ஒரு கார்டை நுழைத்தாலும் கிராபிக்ஸ் கார்டின் மின்விசிறி மூச்சு முட்டும். நான்கு மணி நேர ரெண்டரில் அதன் விளைவு தெரியும்.

கடைசியாகத் தேய்மானம். யுஎஸ்பி டைப்-ஏ சாக்கெட் 1,500 முறை செருகி எடுப்பதைத் தாங்க வேண்டும் என்பது அடிப்படை வரையறை. டைப்-சிக்கு 10,000. ஒரு நாளைக்கு மூன்று முறை ரீடரைச் செருகி எடுக்கிறவருக்கு 1,500 என்பது 500 நாள். அதைத் தாண்டியதும் உடைந்துவிடும் என்று பொருளில்லை, ஆனால் தளரத் தொடங்கும். தளர்ந்த போர்ட்டில் ஃபூட்டேஜ் பாதி இறங்கும்போது தொடர்பு அறுவதைவிட மோசமானது எடிட்டருக்கு வேறில்லை. போர்டின் போர்ட் கெட்டால் போர்டையே கழற்ற வேண்டும். கார்டு கெட்டால் ஒரு திருகாணியோடு வேலை முடிந்தது. ஆகவே தினமும் செருகி எடுப்பதை நேராக போர்டில் செருகாதீர்கள். ரீடரின் கேபிள் பின்பக்கத்தில் நிரந்தரமாகச் செருகியபடி இருக்கட்டும். ரீடரில் கார்டை மட்டும் மாற்றுங்கள். டிஸ்க்குகளுக்கு டைப்-சியைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, வயர்லெஸ் மவுஸ் வைத்திருந்தால். யுஎஸ்பி 3 இணைப்பில் தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுகிறது. 2012-இல் இன்டெல்லே இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. மவுஸின் ரிசீவரை பேக்கப் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகினால், காப்பி ஓடும்போதெல்லாம் மவுஸ் தத்தித் தத்தி நகரும். தள்ளி, ஒரு யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகுங்கள். அந்த போர்ட்டுகளுக்கு ஏற்ற வேலை இது.

கேள்வி: நான்கு போர்ட் உள்ள யுஎஸ்பி 3 கார்டு ஒன்று வாங்கிப் போட்டேன். ஒரு ரீடரில் இறக்கினால் 250 எம்பி வருகிறது. இரண்டு ரீடரில் ஒரே நேரத்தில் இறக்கினால் ஒவ்வொன்றும் 200-க்குக் கீழே போய்விடுகிறது. வெளி டிஸ்க்கும் அவ்வப்போது தானாகத் துண்டித்துக்கொள்கிறது. கார்டு பழுதா?

பதில்: பழுது இல்லை. இரண்டு சிக்கலுக்கும் இரண்டு காரணம்.

உங்கள் கார்டு இரண்டாம் தலைமுறை ஒற்றை லேன் வகை. விநாடிக்கு 500 எம்பி என்பது கணக்கு, கையில் கிடைப்பது 400 அளவில். இரண்டு ரீடரும் ஒரே திசையில், கணினிக்குள், தரவை அனுப்புகின்றன. 400-ஐ இரண்டாகப் பகிர்ந்தால் நீங்கள் பார்க்கும் எண் வரும். ஒரு டிஸ்க்கிலிருந்து படித்து இன்னொன்றில் எழுதும்போது இவ்வளவு நெருக்கடி இருக்காது, ஏனென்றால் லேனில் போவதற்கும் வருவதற்கும் தனித்தனி வயர். தீர்வு கையிலேயே இருக்கிறது: ஒரு ரீடரைக் கார்டில் விட்டு, இன்னொன்றை போர்டின் போர்ட்டில் செருகுங்கள். போர்டின் போர்ட்டுகளும் கார்டின் போர்ட்டுகளும் வெவ்வேறு கன்ட்ரோலரில் (போர்ட்டுகளை இயக்கும் சிப்) ஓடுகின்றன. கார்டு வைத்திருப்பதன் உண்மையான நன்மை இதுதான். எந்த போர்ட் எந்தக் கன்ட்ரோலரில் இருக்கிறது என்று அறிய, விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, பார்வையை 'இணைப்பு வாரியாக' என்று மாற்றுங்கள். லினக்ஸில் இருப்பவர்களுக்கு 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையின் மரவடிவப் பட்டியல் போதும்.

டிஸ்க் துண்டிப்பது மின்சாரத்தால். யுஎஸ்பி 3 போர்ட் ஒன்று 5 வோல்ட்டில் 900 மில்லி ஆம்பியர், அதாவது 4.5 வாட் தர வேண்டும். நான்குக்கு 18 வாட். ஒற்றை லேன் ஸ்லாட்டிலிருந்து ஒரு கார்டு பொதுவாக எடுக்கக்கூடியது 10 வாட். அந்தக் குறைவை ஈடுகட்டத்தான் கார்டின் ஓரத்தில் ஒரு மின்சார சாக்கெட் வைத்திருக்கிறார்கள். கேபினட்டைத் திறந்து பாருங்கள். பவர் சப்ளையின் சாட்டா மின்கேபிள் அதில் செருகாமல் இருக்கலாம். செருகியும் துண்டித்தால் தனி அடாப்டர் உள்ள டிஸ்க் பெட்டிக்கு மாறுங்கள். அதுவரை பேக்கப்பை அந்தக் கார்டில் எடுக்க வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போது துண்டிக்கும் டிஸ்க்கை பேக்கப் என்று எண்ணிக் கேமரா கார்டை அழித்துவிடாதீர்கள், தயவுசெய்து.

கேள்வி: 20 ஜிகாபிட் என்று போட்ட வெளி எஸ்எஸ்டி வாங்கினேன். என் மடிக்கணினியில் 40 ஜிகாபிட் தண்டர்போல்ட் 4 இருக்கிறது. வேகம் 1,000 எம்பியைத் தாண்டவில்லை.

பதில்: தாண்டாது. உங்கள் எஸ்எஸ்டி யுஎஸ்பி 3.2 ஜென் 2எக்ஸ்2 வகை, அதாவது 10 ஜிகாபிட் பாதை இரண்டைச் சேர்த்து 20 ஆக்குவது. தண்டர்போல்ட் 4, யுஎஸ்பி4 போர்ட்டுகள் இந்த வகையை ஆதரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பலவும் ஆதரிப்பதில்லை, அப்போது இணைப்பு 10 ஜிகாபிட்டுக்கு இறங்கிவிடும். மேசைக் கணினியாக இருந்தால் 2எக்ஸ்2 போர்ட் உள்ள ஒரு கார்டைச் செருகச் சொல்லலாம். மடிக்கணினியில் அதற்கு இடமில்லை. டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிட்டு, தண்டர்போல்ட் அல்லது யுஎஸ்பி4 பெட்டி வாங்குங்கள். முடியாவிட்டால் வருந்த வேண்டாம். 1,000 எம்பியில் 4கே எச்க்யூ பல அடுக்கு ஓடும்.

கேள்வி: வீட்டில் பழைய மினி டிவி (டிஜிட்டல் வீடியோ) டேப்புகள் நிறைய இருக்கின்றன. கேமராவும் ஓடுகிறது. அதைக் கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் போர்ட்டே புதுக் கணினியில் இல்லை. யுஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஃபயர்வயர் சாக்கெட்டின் ஒரு முனையை யுஎஸ்பியாக்கி விற்கும் அந்தச் சிறு கேபிள்கள் டிவி சிக்னலைக் கொண்டுவராது; இரண்டும் வேறு வேறு முறையில் பேசுகின்றன. இன்றைய போர்டுகளில் ஃபயர்வயர் வருவதில்லை என்பதால் உங்களுக்குக் கார்டு மட்டுமே வழி. அதில் குழப்பத்துக்கு இடமில்லை: டிவி வீடியோ விநாடிக்கு 25 மெகாபிட், ஃபயர்வயர் 400 மெகாபிட், மிகச் சின்ன பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டே அதைப் பல மடங்கு தாங்கும். எந்த ஸ்லாட் காலியாக இருக்கிறதோ அதில் போடுங்கள். வாங்கும்போது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ள கார்டாகப் பாருங்கள். பழைய கேமராக்களோடு அது நன்றாக ஒத்துப்போகிறது. டேப் ஓடும் நேரம்தான் இறங்கும் நேரம், அவசரப்படுத்த முடியாது. மணிக்கு 13 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கார்டில் இருக்கும் ஆறு பின் சாக்கெட்டில் மின்சாரமும் ஓடுகிறது. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைக் கோணலாகச் செருகினால் கேமராவின் ஃபயர்வயர் சிப் கருகிவிடும். பிறகு அந்தக் கேமராவிலிருந்து டேப்பை இப்படி இறக்கவே முடியாது. கணினியையும் கேமராவையும் அணைத்துவிட்டுக் கேபிளைச் செருகுங்கள். அதன் பிறகு கணினியை ஆன் செய்து, கடைசியாகக் கேமராவை ஆன் செய்யுங்கள்.